பினாங்கில் எம்டன்: கூலிம் நண்பர்கள் மேசையில் ஆடுவது எப்படி?

கெடா தமிழரிடம் பழைய காலத்துக் கடற்போர் என்று சொன்னால் உடனே வாயில் வருவது கடாரம்தான். "ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பற்படையோடு வந்தானே அண்ணே, அதையே மேசையில வச்சு ஆடலாமே" என்று கூட்டத்தில் ஒரு தம்பி நிச்சயம் கேட்பார். பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் இருக்கும் மாநிலத்தில் இந்தக் கேள்வி எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் அந்தப் போரை மேசையில் ஆட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கடாரம் உட்பட வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. எத்தனை கப்பல்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள், எதிர்த்து நின்றவர்களிடம் என்ன இருந்தது என்பதைச் சொல்லவில்லை. இவை எல்லாவற்றையும் ஆடுகிறவர்களே இட்டுக்கட்டினால் நல்ல கதை கிடைக்கும். வரலாற்று ஆட்டம் கிடைக்காது.

ஆனால் எண்ணும் நேரமும் தூரமும் துல்லியமாகப் பதிவான ஒரு கடற்போர் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கூலிம் ஹைடெக் பூங்காவிலிருந்து பட்டர்வொர்த் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரி ஏறினால் கண்ணுக்கு எதிரே விரியும் அதே நீரில்தான் 1914 அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் புகுந்தது.

எம்டன் என்ற பெயர் தமிழருக்குப் புதிதல்ல. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், செப்டம்பர் 22 இரவு, அதே கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகளை வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அன்று முதல் "அவன் பெரிய எம்டன்" என்றால் யாருக்கும் அகப்படாத, எல்லாரையும் நடுங்க வைக்கிற ஆள் என்று பொருளாகிவிட்டது. 2006-இல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்' என்பது சினிமா இரசிகர்களுக்கு நினைவிருக்கும்.

வளர்ந்தவர்களுக்குப் பொம்மைக் கப்பலா?

வரலாற்றுக் கப்பற்போர் ஆட்டம் என்பது சின்னஞ்சிறு கப்பல் மாதிரிகளை நீலத் துணி விரித்த மேசையிலோ மண்டபத் தரையிலோ வைத்து, உண்மையான கப்பல்களின் வேகம், பீரங்கி, கவசம் ஆகியவற்றை எண்களாக மாற்றி, விதிப்படி நகர்த்தி ஆடுவது. பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும் இதன் பிறப்பு விளையாட்டாக இல்லை. இங்கிலாந்தின் ஃபிரெட் ஜேன் 1898-இல் தம்முடைய கப்பற்போர் ஆட்டத்தை வெளியிட்டார். அதை ஆடுகிறவர்களுக்கு உலகப் போர்க்கப்பல்களின் விவரம் வேண்டுமே என்று அதே ஆண்டில் அவர் தொகுத்து வெளியிட்ட நூல்தான் பிற்காலத்தில் கடற்படைகளே மேசையில் வைத்துக்கொள்ளும் 'ஜேன்ஸ்' தொகுப்பாக வளர்ந்தது. ஓர் ஆட்டத்துக்குத் துணையாகத் தொடங்கிய புத்தகம், ஆட்டத்தையே மறக்கடித்துவிட்டது.

1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா, மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. அங்கே சிலிக்கான் சில்லுகளோடும் இயந்திரங்களோடும் நாள் முழுக்கப் புழங்கும் பொறியாளர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் இந்த ஆட்டத்தின் கணக்கு ஒன்றும் கடினமல்ல. ஆறு நண்பர்கள் சேர்ந்தால் போதும். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. அது என்ன என்பதற்கு முதலில் அன்று நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அந்த விடியற்காலை

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். அதன் கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் குரூசர் யார்மத் போலத் தோன்றச் செய்தார். துறைமுகத்துக்குள் ரஷ்ய குரூசர் ஜெம்சுக் நங்கூரமிட்டிருந்தது. பாய்லர்களைச் சுத்தம் செய்து பழுது பார்க்க வந்த கப்பல் அது. அதன் கேப்டன் செர்காசோவ் அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். பீரங்கிகளுக்குப் பக்கத்தில் தயாராக இருந்த குண்டுகளோ மிகச் சில. பிரெஞ்சுக் கப்பல்களான திபெர்வில், ஃப்ரோந்த், பிஸ்தொலே ஆகியவையும் துறைமுகத்தில் இருந்தன. முஸ்கே என்ற சிறிய டெஸ்ட்ராயர் மட்டும் வெளியே ரோந்தில் இருந்தது.

கடைசி நேரத்தில் ஜெர்மன் கொடியை ஏற்றிய எம்டன், சுமார் 350 மீட்டர் தூரத்தில் முதல் டார்பிடோவை விட்டது. பீரங்கிகளும் முழங்கின. திரும்பி வந்து விட்ட இரண்டாவது டார்பிடோ ஜெம்சுக்கைப் பிளந்தது. 80-க்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் இறந்தார்கள். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட முஸ்கேயும் சில நிமிடங்களில் மூழ்கியது. அதிலிருந்து உயிர் தப்பிய 36 பேரை எம்டனே தண்ணீரிலிருந்து தூக்கியது. செர்காசோவைப் பிறகு ரஷ்ய இராணுவ நீதிமன்றம் தண்டித்தது.

இதை அப்படியே மேசையில் வைத்தால் என்ன ஆகும்? இரண்டு விதமாகக் கெட்டுப்போகும். ஜெம்சுக்கை ஆட ஒப்புக்கொண்ட நண்பர், முதல் பத்து நிமிடத்தில் கப்பலைப் பறிகொடுத்துவிட்டு மீதி நேரம் முழுக்கத் தே தாரிக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அடுத்த மாதம் வரமாட்டார். அல்லது, வரலாறு படித்துவிட்டு வந்த நண்பராக இருந்தால், எல்லாப் பாய்லரையும் எரியவிட்டு, எல்லாப் பீரங்கியிலும் ஆள் நிறுத்தி, எம்டன் வந்தவுடன் சுட்டுத் தள்ளுவார். தேதி தெரிந்தவன் தூங்க மாட்டான். ஆனால் அன்று துறைமுகத்தில் இருந்த எவருக்கும் தேதி தெரியாது என்பதுதானே நடந்த சம்பவம்.

ஆகவே இந்த ஆட்டத்தை நடத்துகிறவரின் முக்கிய வேலை கப்பல் செய்வதோ விதிப்புத்தகம் வாங்குவதோ அல்ல. அன்றைய கேப்டன்களுக்குத் தெரியாமல் இருந்ததை இன்றைய ஆட்டக்காரர்களுக்கும் தெரியாமல் வைப்பதே வேலை.

திரைக்கு அப்பால்

இதில் உலகுக்கு வழிகாட்டியவர்கள் பெரும்பாலும் இருபது வயதையொட்டிய பெண்கள். 1942 ஜனவரியில் லிவர்பூல் நகரில் பிரிட்டிஷ் கடற்படை ஓர் ஆட்டக்கூடத்தை அமைத்தது. கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் அதற்குப் பொறுப்பு. உடன் இருந்தவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவினர். தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதன் மேல் கப்பல்களை நகர்த்தினார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் தரையை முழுதாகப் பார்க்க முடியாது. கித்தான் திரையில் இருந்த சிறு துளை வழியே, உண்மையில் தங்கள் கப்பலிலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதையைத் தூரத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாத பச்சைச் சாக்கட்டியால் வரைந்தார்கள். அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன், தாமே பழைய நீர்மூழ்கிக் கேப்டன், நீர்மூழ்கித் தரப்பில் ஆடி ஐந்து முறையும் தோற்றார். எதிர்த் தரப்பில் ஆடியவர் ஜேனட் ஓக்கெல் என்ற இளம் பெண். போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அங்கே பயிற்சி பெற்றார்கள்.

பெண்கள் இரவு பகலாக வேலை பார்க்கும் பூங்காவில், இந்த ஆட்டத்துக்கு ஆண்களை மட்டும் கூப்பிடுவது அறியாமை.

ஷிப்ட் வேலையே உதவியாக

கூலிமில் ஆறு பேரை ஒரே நாளில் கூட்டுவது எளிதல்ல. ஒருவருக்குப் பகல் ஷிப்ட், இன்னொருவருக்கு இரவு ஷிப்ட், மூன்றாமவருக்குப் பிள்ளையின் டியூஷன். எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரு சனிக்கிழமைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தத் தொல்லையையே ஆட்டத்தின் பாதியாக மாற்றிவிடலாம்.

சனிக்கிழமைக்கு முந்திய பத்து நாட்களை ஆட்டத்தின் பத்து நாட்களாக நடுவர் அறிவிக்கிறார். ஒவ்வொருவரும் தினமும் ஒரு கட்டளையை நடுவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். குழுவில் போடக்கூடாது. எம்டனை ஆடுகிறவர் எங்கே போகிறார் என்பதை அவரே முடிவு செய்கிறார். பினாங்குக்கு வரலாம், கொழும்புப் பாதையில் வணிகக் கப்பல்களைப் பிடிக்கலாம், ஒளிந்திருக்கலாம். வேகமாகப் போனால் நிலக்கரி கரையும். பிடிபட்ட பூரெஸ்க் என்ற நிலக்கரிக் கப்பலைச் சந்தித்தால்தான் நிரப்ப முடியும். ஆக, எம்டன் வருமா, எந்த நாள் வரும் என்பது நடுவரையும் அந்த ஒருவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

துறைமுகத் தரப்புக்கு வேறு தலைவலி. ஜெம்சுக்கின் பாய்லர் வேலையை முடிக்க நாள் கணக்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்தால் சீக்கிரம் முடியும். அதுவரை கப்பல் நகராது. பாதி பாதியாகச் செய்தால் இரட்டிப்பு நாள் ஆகும். வேலை முடியாவிட்டால் மதிப்பெண் குறையும். இரவில் எத்தனை பேரை விழித்திருக்க வைப்பது? தொடர்ந்து நான்கு இரவுகள் முழுக் காவல் போட்டால் ஐந்தாம் நாள் மாலுமிகள் சோர்ந்துபோவார்கள் என்று விதி இருக்க வேண்டும்.

பூங்காவில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை எப்போது நிறுத்திப் பராமரிப்பது என்பதில் தினமும் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். செர்காசோவ் பொறுப்பில்லாதவர் என்று புத்தகத்தில் படித்துத் தலையாட்டியவர்கள், ஆறாவது நாள் "இன்னும் ஒண்ணும் வரலியே, காவலைக் கொஞ்சம் குறைச்சிக்கலாம்" என்று தாங்களே கட்டளை அனுப்புவதைப் பார்க்கலாம். செர்காசோவின் தவறு இதனால் சிறியதாகிவிடாது. கேப்டன் கரையில் உறங்கியதற்கு நியாயம் கிடையாது. ஆனால் அந்தக் கப்பலில் இருந்த மற்றவர்களின் சோர்வு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

ஒரு சங்கடம் உண்டு. எல்லாருக்கும் எம்டன் கதை தெரிந்த குழுவாக இருந்தால், ஊர்ப் பெயரையும் கப்பல் பெயர்களையும் ஆண்டையும் மாற்றிக் கொடுப்பது நல்லது. ஆட்டம் முடிந்த பிறகு உண்மைப் பெயரைச் சொல்லலாம். இன்னொரு நண்பர், செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தாரே, அவருக்கும் ஒரு பாத்திரம் கொடுக்கலாமே என்பார். தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் அந்தக் கதைக்கு உறுதியான சான்று இல்லை. மேசையில் அவருக்கு இடம் இல்லை.

அரைச் சாண் தூரம்

சனிக்கிழமை வந்துவிட்டது. தாமான் வீட்டு வரவேற்பறையில் சாப்பாட்டு மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டால் 2.4 மீட்டர் நீளம் கிடைக்கும். மூவாயிரத்தில் ஒரு பங்கு அளவில் கப்பல் செய்தால், 118 மீட்டர் நீள எம்டன் சுமார் 4 சென்டிமீட்டர். முஸ்கே 2 சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒரு புளியங்கொட்டை அளவு. தடித்த அட்டையில் படத்தை ஒட்டி வெட்டினாலே போதும். வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் இன்னும் அழகு.

கடலையும் அதே அளவில் வைத்தால் ஒரு கடல் மைல் 62 சென்டிமீட்டர். மேசை முழுவதும் 7 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு சுற்று என்பது ஒரு நிமிடம் என்று வைத்தால், 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் சுற்றுக்கு 12 சென்டிமீட்டர் நகரும்; 18 நாட் என்றால் பதினெட்டரை. இப்போது எம்டன் டார்பிடோ விட்ட 350 மீட்டரை மேசையில் அளந்து பாருங்கள். பன்னிரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அரைச் சாண். அந்த அளவுகோலை வைத்த கணத்தில்தான் இந்தச் சம்பவத்தின் பயங்கரம் உறைக்கும். எவ்வளவு படித்திருந்தாலும் உறைக்காதது அது.

ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் கட்டளையைத் துண்டுச் சீட்டில் எழுதுகிறார்கள்: நேரே 18, இடப்பக்கம் திரும்பு, சுடு. எழுதியதை மாற்ற முடியாது. நடுவர் வாங்கிப் படித்து எல்லாக் கப்பல்களையும் நகர்த்துகிறார். இன்னும் கண்ணில் படாத கப்பல் மேசைக்கே வராது. நடுவர் பக்கத்து அறையில் வேறொரு வரைபடத்தில் அதை நகர்த்திக்கொண்டிருப்பார். "நான்கு புகைபோக்கியுள்ள கப்பல் ஒன்று வடக்கே தெரிகிறது" என்று மட்டும் துறைமுகத் தரப்பிடம் சொல்வார். சுடுவதா? அது உண்மையான பிரிட்டிஷ் கப்பலாகவும் இருக்கலாம். நல்ல நடுவர், ஆட்டத்தில் நட்புக் கப்பல் ஒன்றையும் ஓடவிட்டிருப்பார்.

சுடும்போதுதான் பகடை வருகிறது. தாயத்திலும் பரமபதத்திலும் பகடை ஆடுகிறவரின் அதிர்ஷ்டம். இங்கே அப்படியல்ல. அலை, புகை, பதற்றம், சரியாக வெடிக்காத குண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பகடை. பத்து முகப் பகடைகள் இரண்டை உருட்டி நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பது வழக்கம். தூரம் குறையக் குறைய வாய்ப்பு கூடும். அரை இருட்டில் குறையும். எம்டனில் பத்துப் பீரங்கிகள் இருந்தாலும் ஒரு பக்கமாகச் சுடக்கூடியவை ஐந்துதான் என்பதை மறக்கக்கூடாது. புதியவர்கள் பத்தையும் எண்ணிவிடுவார்கள்.

அன்று முல்லருக்கும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. விடியல் வெளிச்சத்தில் தம்மை நோக்கி வந்த ஒன்றை எதிரியின் டார்பிடோ படகு என்று நினைத்துச் சுட்டார்கள். கிட்டே வந்தபோது அது ஆயுதமில்லாத துறைமுகப் படகு. ஆகவே எம்டனை ஆடுகிறவருக்கும் நடுவர் பாதித் தகவலே தர வேண்டும். வெற்றி பெற்றவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைப்பது படிக்கிறவர்களின் வழக்கமான மயக்கம்.

நடுவர் வளைந்தால்

இவ்வளவும் நடுவர் ஒருவர் மேல் நிற்கிறது. அவர் நண்பர்களின் முகத்துக்காக வளைந்தால் எல்லாம் போச்சு. இதற்குக் கடற்படை வரலாற்றிலேயே பெரிய உதாரணம் ஜப்பானியருடையது. மிட்வே தாக்குதலுக்கு முன், 1942 மே மாதம், யமாத்தோ போர்க்கப்பலில் ஒத்திகை ஆட்டம் நடந்தது. பகடைப்படி அமெரிக்க விமானங்களின் ஒன்பது குண்டுகள் பட்டு, அக்காகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்க வேண்டும். தலைமை நடுவராக இருந்த அட்மிரல் உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். காகா மட்டும் மூழ்கியதாக வைத்து, அடுத்த கட்டத்தில் அதையும் உயிர்ப்பித்துவிட்டார் என்று ஜப்பானிய அதிகாரி ஃபுச்சிடா எழுதியிருக்கிறார். ஃபுச்சிடா சொல்வதை எல்லாம் வரலாற்றாசிரியர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் சில வாரங்களில், ஜூன் 4 அன்று, அந்த இரண்டு கப்பல்களும் மேலும் இரண்டும் அமெரிக்கக் குண்டுகளுக்கு இரையானதில் சந்தேகம் இல்லை.

கூலிம் வீட்டில் அப்படி உயிர்ப் பிரச்சினை எதுவும் இல்லைதான். இருந்தாலும், "பாவம், அவர் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்திருக்கார், கப்பல மூழ்கடிக்காதீங்க" என்று யாராவது சிபாரிசுக்கு வருவார்கள். நடுவர் காதில் வாங்கக்கூடாது.

ஆட்டம் முடிந்ததும் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டு உடனே புறப்பட்டுவிடுவது பல குழுக்களின் பழக்கம். பாதி ஆட்டத்தை வீணாக்குவதற்குச் சமம் அது. பத்து நாட்களின் வாட்ஸ்அப் கட்டளைகளை நடுவர் எல்லார் முன்னும் வரிசையாகப் படிக்க வேண்டும். யார் எந்த நாளில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் வெளிவரும். முஸ்கேயை ஆடியவர் பேச வேண்டிய நேரமும் இதுதான். ஒரு 65 மில்லிமீட்டர் பீரங்கி, ஆறு சிறு பீரங்கிகள், இரண்டு டார்பிடோக் குழாய்கள்; இவ்வளவுதான் அவர் கையில். எம்டனைக் கண்டதும் திரும்பி ஓடுவதா, நெருங்கி டார்பிடோ விடுவதா? நெருங்குவதற்குள் மூழ்குவதற்கே வாய்ப்பு அதிகம். ஓடினாலும் எம்டனின் குண்டு எட்டும். அந்த நிமிடத்தில் எது சரி என்று மேசையைச் சுற்றி நடக்கும் வாக்குவாதம் பகடை உருட்டியதைவிட நீளமாகப் போகும், போகட்டும்.

ஜெம்சுக் மாலுமிகளின் கல்லறை ஜார்ஜ்டவுன் வெஸ்டர்ன் சாலை இடுகாட்டில் இருக்கிறது. ஜெரஜாக் தீவிலும் சிலர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மனிதர்கள் செத்ததை ஆட்டமாக்குவது முறையா என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமான பதில் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யலாம்.

இதில் ருசி கண்டவர்களுக்கு அடுத்த ஆட்டம் தயாராகவே இருக்கிறது. பினாங்கு சம்பவத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, 1914 நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் அகப்பட்டது. எம்டன் சுடத் தொடங்கிய தூரம் 9 கிலோமீட்டருக்கு மேல். அதே அளவில் மூன்று மீட்டருக்கும் அதிகம். சாப்பாட்டு மேசை போதாது, பூப்பந்து மண்டபத்தின் தரையை வாடகைக்கு எடுக்க வேண்டும். இரண்டு கப்பல்களும் ஒரு பக்கம் ஐந்து பீரங்கிகளால் சுடக்கூடியவை. ஆனால் சிட்னியின் குண்டு ஒன்று 45 கிலோ, எம்டனுடையது சுமார் 17 கிலோ. எம்டனின் ஆட்கள் சுமார் 50 பேர் தந்திக் கம்பி நிலையத்தை உடைக்கத் தீவில் இறங்கியிருக்கிறார்கள். சிட்னியின் புகை தெரிகிறது. அவர்களுக்காகக் காத்திருப்பதா, விட்டுவிட்டு நங்கூரத்தைத் தூக்குவதா என்று முல்லரை ஆடுகிறவர் சீட்டில் எழுத நடுவர் கொடுக்கும் நேரம் ஒரு நிமிடம்.